பாம்பன் தொடர்வண்டிப் பாலம்: வரலாறும் சட்டக அமைப்பும் ‘தூக்குப்பாலம்’ என்னும் சொல்லின் பொருளெல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைக்கும் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 2022 திசம்பரில் அதன்வழியான போக்குவரத்து நிறுத்தப்பெற்றது. 2025 ஏப்பிரலில் அதனருகே புதிய பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. இவ்விரு பாலங்களையும் தமிழ் இதழ்கள் ‘தூக்குப்பாலம்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுகின்றன. ஆயின் இரண்டும் இருவேறு பொறிமுறைகளைக் கொண்டவை. பாலத்தின் வரலாற்றையும் கட்டமைப்பையும் விளக்கி, 1964ஆம் ஆண்டுப் புயல் பற்றி நிலவும் ஒரு பிழையான செய்தியைத் திருத்தி, இரு பொறிமுறைகளையும் வேறுபடுத்திக் காட்டும் கலைச்சொற்களை முன்மொழிவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: பாம்பன் பாலம், சட்டகம், கர்டர், எதிர்எடை, உருள்தூக்கு, தனுஷ்கோடி, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

பாலம் என்பது கரைகளை இணைப்பது. ஆனால் பாம்பனில் அமைந்த பாலத்திற்கு இணைப்பதோடு விலகி வழிவிடும் கடமையும் உண்டு. மன்னார் வளைகுடாவுக்கும் பாக்கு நீரிணைக்கும் இடையே செல்லும் கலங்கள் பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டும். அதே இடத்தில் தொடர்வண்டியும் கடலைக் கடக்க வேண்டும். ஒன்றுக்கொன்று குறுக்கான இவ்விரு வழிகளையும் ஒரே கட்டுமானம் காத்து நிற்க வேண்டியிருந்தமையே இப்பாலத்தின் வடிவத்தை முடிவு செய்தது. பாம்பனைக் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் தலப்பயணம், இயற்கைக் காட்சி, புயல் அழிவு ஆகியவற்றையே பேசுகின்றன. அப்பாலம் எவ்வாறு நிற்கிறது, எவ்வாறு திறக்கிறது என்னும் வினாக்களுக்குத் தமிழில் தெளிவான விடை காண்பது அரிதாக உள்ளது. அவ்விடைக்கு வேண்டிய சொற்கள் நிலைபெறாமையும் இதற்கு ஒரு காரணமாகும்.

1. இணைப்பின் தேவை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை தொடர்வண்டியிலும் அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலிலும் சென்றனர். கடற்பயணமே இதில் நீண்டது. மாறாக, இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையாகிய தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல்வழி ஏறத்தாழ 35 கி.மீ. மட்டுமே. தனுஷ்கோடி வரை இருப்புப்பாதை சென்றால் கடற்பயணம் சில மணி நேரத்தில் முடியும் என்பது வெளிப்படை. மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான பாதை 1902இல் அமைந்தது. எஞ்சிய தடை மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடல்தான்.

பாலப்பணி 1911இல் தொடங்கி, 1914 பிப்பிரவரி 24 அன்று பாலம் திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் இலங்கையின் இருப்புப்பாதையும் தலைமன்னாரைத் தொட்டது. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி சென்று, நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் தொடர்வண்டியேறிக் கொழும்பு சேரும் ‘போட் மெயில்’ பயணம் இவ்வாறு உருப்பெற்றது.

இவ்வழியில் சென்றோர் தலப்பயணிகளும் வணிகரும் மட்டுமல்லர். இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு ஆளெடுக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நோய்த்தடுப்புச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, பின்னர் இப்பாலத்தைக் கடந்தனர். ஆகவே பாம்பன் பாலத்தின் வரலாறு பொறியியல் வரலாறாக இருப்பதோடு தமிழரின் புலம்பெயர்வு வரலாற்றின் ஒரு பகுதியாகவும் விளங்குகிறது.

2. கர்டரும் சட்டகமும்

பழைய பாலத்தின் நீளம் 6,776 அடி, அதாவது 2,065 மீட்டர். அதன் பெரும்பகுதி, கடலில் எழுப்பிய தூண்களின்மேல் கிடத்தப்பட்ட சிறு இரும்புக் கர்டர்களால் ஆனது. ஒவ்வொரு கர்டரும் ஏறத்தாழ 40 அடி நீளமுடையது. நடுவிலுள்ள கப்பல்வழி மட்டுமே சட்டக அமைப்புடையது. எனவே பாம்பன் பாலம் முழுவதையும் சட்டகப் பாலம் எனல் பொருந்தாது. சட்டகம் எங்கே தேவைப்பட்டதோ அங்கே மட்டும் அது கையாளப்பட்டுள்ளது.

இத்தேர்வின் காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஒரு விட்டத்தின்மேல் பாரம் சீராகப் பரவியிருப்பின், அதை வளைக்க முயலும் திருப்புத்திறன் நீளத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். நீளம் இரு மடங்கானால் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். ஐந்து மடங்கானால் இருபத்தைந்து மடங்காகும். பாம்பனில் கடல் ஆழமற்றது. அடியில் பாறை உண்டு. ஆதலின் தூண்களை நெருக்கமாக எழுப்பிக் கர்டர்களைச் சிறியனவாக வைத்துக்கொள்ள இயன்றது. கப்பல்வழியில் மட்டும் தூண் நிறுத்த இயலாது. அங்கே நீண்ட இடைவெளியைத் தாண்டும் அமைப்பு வேண்டும்.

வளையும் விட்டத்தின் மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது, இடைப்பகுதி ஒப்பீட்டளவில் குறைந்த வேலையே செய்கிறது. ஆகவே மேற்சட்டத்தையும் கீழ்ச்சட்டத்தையும் ஒன்றையொன்று விலக்கி வைத்து, இடையிலுள்ள இரும்பை நீக்கி, குத்துச்சட்டங்களாலும் சாய்சட்டங்களாலும் பிணைத்தால், குறைந்த எடையில் மிகுந்த வலிமை கிட்டும். இதுவே சட்டகத்தின் அடிப்படை. சட்டங்கள் கூடுமிடத்தைக் கணு எனலாம். நாற்கரத்தின் பக்க நீளங்கள் மாறாமலேயே அதன் வடிவத்தைச் சாய்த்துவிடலாம். முக்கோணத்தை அவ்வாறு சாய்க்க இயலாது. அதனால்தான் சட்டகம் முக்கோணங்களால் ஆகிறது. பாரம் கணுக்களில் விழுமாறு அமைத்தால், ஒவ்வொரு சட்டமும் பெரும்பாலும் இழுவிசையையோ அமுக்கவிசையையோ மட்டுமே தாங்கும்.

சட்டகத்தின் திறந்த அமைப்பு காற்றுக்கும் ஓரளவு வழிவிடுகிறது. எனினும் சட்டகம் என்பதாலேயே காற்றிலிருந்து காப்பு உண்டாகிவிடாது. ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலத்தின் உயர்ந்த சட்டகப் பகுதி, 1879 திசம்பர் 28 அன்று புயற்காற்றில் தன்மீது சென்றுகொண்டிருந்த தொடர்வண்டியுடன் ஆற்றில் வீழ்ந்தது. காற்றின் அழுத்தத்தை உரிய அளவில் கணக்கிடாமை அவ்வீழ்ச்சியின் காரணங்களுள் ஒன்றாக விசாரணையில் வெளிப்பட்டது. அதன்பின் எழுந்த ஃபோர்த் பாலம் உள்ளிட்ட பெரும் பாலங்களில் காற்றழுத்தம் தலையாய கணக்காயிற்று. பாம்பன் பாலம் இப்படிப்பினைக்குப் பிந்தையது.

3. உருண்டு திறக்கும் முறை

பாம்பன் பாலத்தின் கப்பல்வழி அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்ஸரின் பெயரால் வழங்குகிறது. சிகாகோ நகரில் ஆற்றின் குறுக்கே மேல்நிலைத் தொடர்வண்டிப் பாதைக்கெனத் திறக்கும் பாலமொன்று வேண்டப்பட்டபோது அவர் இம்முறையை வகுத்தார். 1893இல் அவர் மறைந்தார். அவ்வகையின் முதற்பாலம் 1895இல் சிகாகோவில் நிறைவுற்றது. அவருடைய உடன்பிறந்தார் ஆல்பர்ட் ஷெர்ஸர் இம்முறையைப் பல நாடுகளில் பரப்பினார். பாம்பனுக்குரிய இரும்புப் பகுதிகளை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் நிறுவனம் செய்தளித்தது.

கப்பல்வழியின் இரு புறங்களிலிருந்தும் இரண்டு சட்டகக் கைகள் நீண்டு நடுவில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கையின் அடிப்பகுதியும் வண்டிச்சக்கரத்தின் ஒரு பகுதிபோல் வளைந்திருக்கும். அவ்வளைவு கிடைமட்டமான தண்டவாளத்தின்மேல் அமர்ந்திருக்கும். கைக்குப் பின்புறம் கனத்த எதிர்எடை உண்டு. கையைத் திறக்கும்போது அது ஓர் அச்சைப் பற்றிச் சுழல்வதில்லை. வளைந்த அடி தண்டவாளத்தின்மேல் கரைப்புறமாக உருள்கிறது. உருளும்போது கை மேலெழுவதோடு பின்னோக்கியும் நகர்கிறது. ஆதலின் கப்பல்வழி மேலே திறப்பதுடன் பக்கவாட்டிலும் நன்கு விலகுகிறது. வளைவு வழுக்காதிருக்கத் தண்டவாளத்தில் பற்கள் போன்ற முனைப்புகளும் வளைவில் அவற்றுக்கேற்ற குழிகளும் அமைக்கப்படும்.

400 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஒவ்வொரு கையையும் தொழிலாளர் சிலர் நெம்புகோல்களைச் சுற்றியே திறந்தனர். இது வியப்பாகத் தோன்றினும் இதன் கோட்பாடு தமிழ் உழவர்க்குப் புதிதன்று. கிணற்றில் நீரிறைக்கும் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டினால், நீர் நிறைந்த சாலை மேலெடுக்க வேண்டிய விசை குறைகிறது. எதிர்எடை கையின் எடையைச் சமன்செய்துவிட்டால், மனிதர் கடக்க வேண்டியவை உராய்வும் காற்றின் எதிர்ப்புமே. துலா நிலையான அச்சில் ஆடுகிறது; ஷெர்ஸர் கை உருள்கிறது. வேறுபாடு இதுவே.

இவ்வமைப்பின் குறைபாடும் குறிக்கத்தக்கது. நடுவில் சந்திக்கும் இரு கைகளும் பூட்டப்பட்டாலும், அவை ஒரே தொடர்ச்சியான சட்டகம் ஆகா. தொடர்வண்டியின் கனத்த பாரம் சந்திப்பைக் கடக்கும்போது கைகளின் நுனிகள் தாழ்கின்றன. இதனால் கனரகத் தொடர்வண்டிப் பாலங்களுக்கு ஒற்றைக் கை அமைப்பையே பொறியாளர் பெரிதும் விரும்புவர். பாம்பனில் வண்டிகள் மிகக் குறைந்த வேகத்தில் செலுத்தப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

4. 1964ஆம் ஆண்டுப் புயல்

1964 திசம்பர் 22 நள்ளிரவையொட்டி இராமேசுவரம் தீவைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்டுத் தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் வண்டியைப் பேரலை அடித்துச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நிகழ்வைப் பின்னாளில் எழுதியோருள் சிலர், அவ்வண்டி பாம்பன் பாலத்திலிருந்து கடலில் வீழ்ந்ததாகக் குறித்துள்ளனர். அது பிழை. வண்டி அழிந்த இடம் தீவின் மறுகோடியில் தனுஷ்கோடிக்கு அண்மையிலுள்ள நிலப்பகுதியாகும். அதே இரவில் பாலமும் அழிவுற்றமையால் இரு நிகழ்வுகளும் ஒன்றாகக் கலந்து வழங்கலாயின.

பாலத்தின் 145 கர்டர்களுள் 126 கடலில் அடித்துச் செல்லப்பட்டன. நடுவிலுள்ள உருள்தூக்குப் பகுதி தப்பியது. தூண்களின்மேல் கிடந்த கர்டர்கள், மேலிருந்து கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தைத் தாங்குவதற்கென வகுக்கப்பட்டவை. அலை தண்டவாள உயரத்தை எட்டும்போது விசையின் திசை மாறுகிறது: நீர் கீழிருந்து மேலே தூக்குகிறது, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. நீரில் மூழ்கிய இரும்பின் நிகர எடையும் மிதப்பு விசையால் குறைகிறது. உருள்தூக்குப் பகுதியோ எதிர்எடையுடன் சேர்ந்து பன்மடங்கு கனமானது. அதன் திறந்த சட்டகத்தினூடே நீரும் காற்றும் புகுந்து செல்ல இயலும். ஒரே பாலத்தின் இருவகைப் பகுதிகளும் ஒரே புயலை வேறுவேறாக எதிர்கொண்டமையை அவற்றின் அமைப்பிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

சீரமைப்புக்கு ஆறு மாதங்கள் தேவை என முதலில் மதிப்பிடப்பட்டது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பணிக்குப் பொறுப்பேற்ற இளம்பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாள்களில் அதை முடித்தார். கடலடியில் கிடந்த கர்டர்கள் மீனவர்களின் உதவியுடன் கண்டறியப்பட்டு, மீட்கப்பட்டு, மீண்டும் தூண்களின்மேல் ஏற்றப்பட்டன. புதிய கர்டர்கள் வந்துசேரும்வரை காத்திராமல் பழையவற்றை மீட்டெடுத்தமையே இவ்விரைவின் அடிப்படை. நீரோட்டத்தையும் கடலடியையும் அறிந்த மீனவர் அறிவு இங்குப் பொறியியலுக்குத் துணைநின்றது.

இச்சீரமைப்பின் பயன் தலப்பயணிகளுக்கு மட்டும் உரியதன்று. புயலுக்கு இரு மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தனுஷ்கோடி மீளவில்லை, கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. பின்வந்த ஆண்டுகளில் தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்திறங்கி, இப்பாலத்தைக் கடந்தே மண்டபம் முகாமை அடைந்தனர். முன்னோரைத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்ற பாலம், அவர்தம் வழித்தோன்றல்களை எதிர்த்திசையில் கொண்டுவந்தது. 1988 அக்டோபர் 2 அன்று சாலைப்பாலம் திறக்கப்படும்வரை தீவுக்கு நிலவழி இணைப்பு இது ஒன்றே.

5. உவர்க்காற்றும் ஓய்வும்

உவர்க்காற்று இரும்பின் பகை. ஈரமும் உப்பும் சேர்ந்து துருவை விரைவுபடுத்துகின்றன. மூட்டுகளின் இடுக்குகளிலும் நீர் தேங்கும் மூலைகளிலும் துரு முதலில் தோன்றுகிறது. ஆகவே பாம்பனில் வண்ணப்பூச்சு அழகுக்குரியதன்று; அது கட்டமைப்பின் ஓர் உறுப்பு. காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைக் கடந்தால் வண்டிகள் பாலத்தில் அனுமதிக்கப்படாத வகையில் சைகை அமைப்பும் செய்யப்பட்டது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை நோக்கின் இவ்வரம்பின் தேவை விளங்கும்.

மீட்டர் பாதைக்கென எழுந்த இப்பாலம் வலுப்படுத்தப்பட்டு, 2007 ஆகத்தில் அகலப்பாதைக்கு மாறியது. அதனால் முன்னினும் கனத்த வண்டிகளை அது தாங்க நேர்ந்தது. 2018 திசம்பரில் உருள்தூக்குப் பகுதியில் விரிசல் காணப்பட்டதால் போக்குவரத்து சில மாதங்கள் நின்றது. 2022 திசம்பர் 23 முதல் அது நிலையாகவே நிறுத்தப்பட்டது.

6. புதிய பாலம்

புதிய பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ரயில் விகாஸ் நிகம் நிறுவனம் அதைக் கட்டியது. 2025 ஏப்பிரல் 6 அன்று அது திறக்கப்பெற்றது. அதில் 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கர்டர்களும் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு தூக்குச் சட்டகமும் உள்ளன. பழைய கர்டரின் நீளம் ஏறத்தாழ 12.2 மீட்டர். நீளம் ஒன்றரை மடங்கு உயர்ந்தமையால், ஒரே அளவான பாரத்துக்கு வளைவுத் திருப்புத்திறன் இரண்டேகால் மடங்காகிறது. அதற்கு ஈடாகக் கடலில் நிறுத்த வேண்டிய தூண்கள் குறைந்துள்ளன. பழைய பாலத்தைவிடப் புதிய பாலம் 3 மீட்டர் உயரமானது. அலை கர்டரை எட்டும் வாய்ப்பை இவ்வுயரம் குறைக்கிறது. 1964இன் படிப்பினை இங்குப் பயன்பட்டுள்ளது எனலாம்.

புதிய பாலத்தின் கப்பல்வழி வேறு முறையில் திறக்கிறது. இரு முனைகளிலும் கோபுரங்கள் உள்ளன. அவற்றின் உச்சியிலுள்ள கப்பிகளின்மேல் இரும்புவடங்கள் செல்கின்றன. வடங்களின் ஒரு முனையில் சட்டகமும் மறுமுனையில் எதிர்எடைகளும் பிணைக்கப்பட்டுள்ளன. மின்விசைப் பொறி இயங்கும்போது சட்டகம் சாயாமல் 17 மீட்டர் செங்குத்தாக மேலெழுகிறது. மூடிய நிலையில் இது இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஒரே முழுச் சட்டகமாக நிற்கிறது. நடுவில் பூட்டுச் சந்திப்பு இல்லாமையால் தொடர்வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் இதற்கு மேன்மை உண்டு.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. உருள்தூக்குக் கைகள் முழுதும் திறந்தபின் வானமே எல்லை. செங்குத்துத் தூக்கிலோ உயர்ந்த சட்டகத்தின் அடிமட்டமே கலங்களின் உயர வரம்பு. கடல்மட்டத்துக்குமேல் 22 மீட்டர் என அமைந்த இவ்வரம்பு அருகிலுள்ள சாலைப்பாலத்தின் உயரத்தோடு ஒத்தது. சாலைப்பாலத்தைக் கடக்க இயலாத கலம் தொடர்வண்டிப் பாலத்தைக் கடந்தும் பயனில்லை. ஆதலின் இக்குறை நடைமுறையில் இழப்பாகாது.

புதுமை ஐயங்களுக்கு அப்பாற்பட்டதன்று. 2024 நவம்பரில் ரயில் பாதுகாப்பு ஆணையர் அளித்த அறிக்கை, துருவேறல் முதலான குறைகளைச் சுட்டி, தூக்குப் பகுதியில் மணிக்கு 50 கி.மீ., ஏனைய பகுதியில் 75 கி.மீ. என வேக வரம்புகளோடு ஒப்புதல் வழங்கியது. பாம்பனில் எந்தப் பாலமும் ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதில்லை. நாளும் காக்கப்படுவதாலேயே அது நிற்கிறது.

7. ஒரு சொல், இரு பொறிகள்

பழைய பாலமும் புதிய பாலமும் ‘தூக்குப்பாலம்’ என்றே வழங்குகின்றன. பாலம் ஒன்றாக இருந்தவரை இச்சொல் இடர் தரவில்லை. இரண்டும் அருகருகே அமைந்தபின், வேறுபாட்டை உணர்த்தாத சொல் போதாது. மேலும் வடத்தால் தாங்கப்படும் ‘தொங்கு பாலம்’ என்பதனோடும் இது சில இடங்களில் மயங்குகிறது. எனவே பின்வரும் வரையறைகள் முன்மொழியப்படுகின்றன. கப்பலுக்கு வழிவிட மேலெழும் பாலங்கள் அனைத்துக்கும் ‘தூக்குப்பாலம்’ பொதுப்பெயராக நிற்கலாம். அவற்றுள் வளைந்த அடியால் உருண்டு திறப்பது ‘உருள்தூக்குப் பாலம்’. நிலையான அச்சில் சுழன்று திறப்பது ‘சுழல்தூக்குப் பாலம்’. சாயாது நேரே உயர்வது ‘செங்குத்துத் தூக்குப் பாலம்’. இறுதியானது இதழ்களில் ஏற்கெனவே வழங்கத் தொடங்கியுள்ளது.

பொதுப்பெயராகத் ‘தூக்கு’ என்னும் சொல்லையே கொள்வதற்குப் பொருள் அடிப்படையும் உண்டு. அச்சொல் மேலெடுத்தலை மட்டுமன்றி, எடையிட்டுச் சமன்காண்டலையும் குறிக்கும். இரு பாலங்களிலும் நிகழ்வது வெறும் மேலெடுத்தல் அன்று; எடைக்கு எதிர்எடை வைத்துச் சமன்செய்தபின் சிறுவிசையால் நகர்த்தலே. தமிழ்ச்சொல் பொறியின் உள்ளியல்பைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

முடிவுரை

பாம்பன் பாலத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தேவைக்கு விடையாக அமைந்தது. ஆழமற்ற கடலுக்குச் சிறு கர்டர், கப்பல்வழிக்குச் சட்டகம், மனித ஆற்றலால் திறப்பதற்கு எதிர்எடை. 1964இல் கர்டர்கள் வீழ, சட்டகப் பகுதி நின்றது. வண்டி அழிந்தது பாலத்தின்மீதன்று, தனுஷ்கோடி அருகே என்பதை வரலாறெழுதுவோர் வேறுபடுத்திக் குறித்தல் வேண்டும். புதிய பாலம் வேறொரு பொறிமுறையால் அதே கடமையை ஏற்றுள்ளது.

பயன்பாட்டிலிருந்து நீங்கிய பழைய பாலம் வெறும் இரும்பாக மதிக்கப்படின் அதன் மதிப்பு எடையளவில் முடிந்துவிடும். உருள்தூக்குப் பகுதியின் ஒரு கையேனும் அதன் வளைந்த அடியோடும் எதிர்எடையோடும் கரையில் நிறுத்திக் காக்கப்படின், நூறாண்டுக்கு மேலாகத் தமிழர் கடந்த ஒரு பொறியின் இயக்கத்தை வருந்தலைமுறை கண்டறிய இயலும். அதனை இயக்கிய தொழிலாளர்களின் பேச்சுவழக்குத் தொழிற்சொற்களைத் திரட்டுதலும் உடனடியாகச் செய்யத்தக்கதாகும். பொறி நின்றுவிட்டபின் அதனை இயக்கியவர்களின் நினைவிலேயே அச்சொற்கள் எஞ்சியிருக்கும். அவை மறையுமுன் பதிவுசெய்தல் தமிழாய்வின் கடமையாகும்.